ஒரே பலகையா, தனித்தனித் துண்டுகளா? போர் விளையாட்டு மேசைக்கு ஓர் இடைக்காலப் பாசறை

28 மி.மீ. உயரச் சிற்றுருவங்கள் கொண்ட படை ஒன்றுக்குப் பாசறை செய்யலாம் என்று முடிவெடுத்தவுடன் பலரும் முதலில் யோசிப்பது கூடாரத்தைப் பற்றித்தான். காகிதமா, துணியா, பிரிண்ட் எடுப்பதா? அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி வேறு: ஆட்டம் நடக்கும்போது இந்தப் பாசறைக்குள் கை போகுமா, உருவங்கள் உள்ளே நிற்குமா? நிற்கும் என்றால் ஒரு வகை வேலை. அலமாரியில் மட்டுமே இருக்கப்போகிறது என்றால் முற்றிலும் வேறு வேலை. இதை முடிவு செய்யாமல் ஆரம்பித்தால், அலமாரிக்கு ஏற்ற மெல்லிய கயிறுகளும் கம்பங்களும் ஆட்ட மேசைக்கு வந்து சீக்கிரமே அறுந்தும் சாய்ந்தும் போகும்.

ஆட்டத்தில் பாசறைக்கு அலங்காரத்தைத் தாண்டிய வேலை இருக்கிறது. 1415 அக்டோபர் 25 அன்று பிரான்சின் அஜின்கோர்ட்டில் போர் நடந்துகொண்டிருக்கும்போதே ஆங்கிலேயப் படைக்குப் பின்னால் இருந்த பொதிவண்டிகள் சூறையாடப்பட்டன. இப்படிப்பட்ட ஆபத்தை மேசைக்குக் கொண்டுவரத்தான் டிபிஏ (De Bellis Antiquitatis) போன்ற போர் விளையாட்டு விதிமுறைகளில் பாசறை இருக்கிறது. அது பறிபோனால் தோல்விக் கணக்கில் சேரும். அப்படியானால் எதிரியின் ஒரு பேஸாவது (உருவங்களை ஒட்டி நிறுத்தும் சின்னத் தட்டு) உள்ளே வந்து சமமாக நிற்க வேண்டும். டிபிஏவில் பேஸின் அகலம் 15 மி.மீ. உருவங்களுக்கு 40 மி.மீ., 25/28 மி.மீ. உருவங்களுக்கு 60 மி.மீ. தனி உருவங்களை வைத்து ஆடும் விதிமுறைகளில் பொதுவாக 25 மி.மீ. வட்ட பேஸ். உங்கள் ஆட்டத்துக்கு உரிய பேஸை ஒரு அட்டையில் வெட்டிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாசறையில் எதை ஒட்டுவதற்கு முன்னாலும் அந்த அட்டை அங்கே உட்காருகிறதா என்று பார்த்துக்கொண்டே போகலாம். கீழே வரும் ஒவ்வொரு தேர்வையும் நான் எடைபோட்டது இந்த அட்டையை வைத்துத்தான்.

அளவுக் கணக்கு

28 மி.மீ. உருவங்களுக்கு 1:56 என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். உண்மையான நீளத்தை மி.மீட்டரில் எழுதி 56-ஆல் வகுத்தால் போதும். இரண்டு மீட்டர் உயரமுள்ள படைவீரர் கூடாரம் 36 மி.மீ. ஆகும். மூன்றரை மீட்டர் உயரமுள்ள பிரபுவின் வட்டக் கூடாரம் 63 மி.மீ. 90 செ.மீ. பீப்பாய் 16 மி.மீ. ஒரு மீட்டர் அகல நெருப்புக் குழி 18 மி.மீ. 1:72 பிளாஸ்டிக் உருவங்கள் என்றால் 72-ஆல் வகுக்க வேண்டும், 15 மி.மீ. உருவங்களுக்கு 100-ஆல் வகுத்தால் சரியாக இருக்கும்.

கணக்குப்படி செய்தும் கூடாரம் சின்னதாகத் தெரிவது உண்டு. உருவங்கள் 2 அல்லது 3 மி.மீ. தடிமனுள்ள பேஸின் மேல் நிற்கின்றன, கூடாரமோ நேராகத் தரையில் நிற்கிறது. அதனால் வீரனின் தலை வாசலை முட்டுவது போல இருக்கும். கூடாரத்தின் வாசலையும் சுவரையும் 3 மி.மீ. கூட்டிக்கொண்டால் கண்ணுக்குச் சரியாகிவிடும். அகலத்தைக் கூட்டத் தேவையில்லை. ஆட்டப் பாசறையில் இடம்தான் எப்போதும் பற்றாக்குறை.

மூன்று வழிகள்

முதல் வழி, எல்லாவற்றையும் ஒரே பலகையில் நிலையாக ஒட்டிவிடுவது. பார்வைக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. பாதைகள் ஒரு கூடாரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடும், சேறு ஒரே சீராகப் பரவும், வேலி தரையோடு தரையாக வேரூன்றி நிற்கும். குறை என்னவென்றால், ஆட்ட மேசையில் அந்தப் பலகைக்கு எப்போதும் ஒரே வடிவம். விதிமுறை சொல்லும் பாசறை அளவு மாறினாலோ, மேசையின் மூலையில் அது உட்கார மறுத்தாலோ செய்ய ஒன்றும் இல்லை. உள்ளே நிற்க இடம் விடாமல் நெருக்கி ஒட்டியிருந்தால் பேஸ்களைக் கூடாரத்தின் மேல் சாய்த்து வைக்க வேண்டிவரும். வண்ணம் உரிவது அப்போதுதான்.

இரண்டாவது வழி, சிதறு துண்டுகள். ஒவ்வொரு கூடாரத்துக்கும், நெருப்புக்கும், வண்டிக்கும், 100 மி.மீ. நீள வேலித் துண்டுக்கும் தனித்தனிச் சின்ன அடித்தளம். எந்த மேசைக்கும் எந்த விதிமுறைக்கும் பொருந்தும். இன்று பாசறை, நாளை அதே வண்டி சாலையில் நிற்கும் கொள்ளைப்பொருள். ஆனால் ஒவ்வொரு துண்டின் ஓரமும் கண்ணில் படும். பச்சை மேசைவிரிப்பின் மேல் பழுப்புத் தீவுகள் மிதப்பதைப் பார்த்தால் பாசறை என்ற உணர்வே வராது. இதைக் குறைக்க ஓரங்களை 45 டிகிரியில் சாய்வாகச் சீவி, கடைசி 10 மி.மீட்டருக்கு மேசைவிரிப்பின் நிறத்திலேயே புல் ஒட்ட வேண்டும். எல்லாத் துண்டுகளையும் ஒரே நாளில், ஒரே டப்பா வண்ணத்தில் பூசி முடிப்பதும் முக்கியம். பிறகு கலக்கும் பழுப்பு முதல் பழுப்போடு ஒருபோதும் ஒத்துப்போகாது.

மூன்றாவது, இரண்டுக்கும் நடுவில் உள்ளது: ஒரு பலகை, ஆனால் கூடாரங்கள் மட்டும் கழற்றக்கூடியவை. கூடாரம் நிற்கும் இடத்தில் அதன் அடியைவிட அரை மில்லிமீட்டர் பெரிய பள்ளம் விடுவது. கூடாரத்தை எடுத்தால் அங்கே மண் தரை. அதில் பேஸ் நிற்கும். எதிரி பாசறையைக் கைப்பற்றினால் கூடாரத்தை எடுத்துவிட்டுப் படையை நிறுத்தலாம். ஆட்டம் முடிந்ததும் கூடாரங்களைத் தனியாகப் பஞ்சுப் பெட்டியில் வைக்கலாம். முதல் முறையாகப் பாசறை செய்கிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். கூடுதல் வேலை என்று பார்த்தால், கூடாரத்துக்கு 1 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் ஒரு அடித்தட்டும், பலகையின் மேல் ஒட்டும் 1 மி.மீ. அட்டையில் அதே வடிவத்தில் ஒரு ஓட்டையும் வெட்டுவது மட்டுமே. ஓட்டைக்குள் மணலை மெல்லிசாகப் போட வேண்டும். தடிமனாகப் போட்டால் கூடாரம் ஆடும். பலகையைத் தூக்கும்போது நழுவாமல் இருக்க 5×1 மி.மீ. காந்தம் இரண்டு போதும். ஒட்டும் முன் எந்தப் பக்கம் ஈர்க்கிறது என்று மார்க்கரால் புள்ளி வைத்துவிடுங்கள். சூப்பர் குளூ பிடித்த பிறகு தெரிந்து பயனில்லை.

பலகையின் அளவுக்கு ஒரு யோசனை: 200×280 மி.மீ. பலகை, ஏ4 தாள் வரும் பெட்டியில் அப்படியே உட்காரும். 28 மி.மீ. அளவில் ஒரு வட்டக் கூடாரம், இரண்டு முகட்டுக் கூடாரங்கள் (இரு பக்கமும் சரியும், A வடிவக் கூடாரம்), ஒரு நெருப்புக் குழி வைத்த பிறகும் 60 மி.மீ. அகல பேஸ் நிற்க வெற்றிடம் மிஞ்சும். நான்காவது கூடாரத்துக்கு ஆசைப்பட்டால் அந்த வெற்றிடம் போய்விடும்.

அடித்தளம்: வளைவதுதான் எதிரி

இங்கே போட்டி மூன்று பொருள்களுக்கு இடையில். 3 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), 3 மி.மீ. பிவிசி ஃபோம் போர்டு (இலேசான பிளாஸ்டிக் பலகை), 10 மி.மீ. எக்ஸ்பிஎஸ் ஃபோம் (அடர்த்தியான நுரைத் தகடு).

எம்டிஎஃப் கனமாக, தட்டையாக, உறுதியாக இருக்கும். அதன் சிக்கல் ஈரம். மேல்பக்கம் மட்டும் தண்ணீர் கலந்த பிவிஏ பசை (மரவேலைக்கான வெள்ளைப் பசை) பூசி மணல் தூவினால், பசை காயும்போது சுருங்கி, பலகையின் நான்கு மூலைகளையும் மேலே இழுக்கும். 280 மி.மீ. நீளத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கினாலே மேசையில் தடதடவென்று ஆடும். தடுக்கும் வழி எளிது: வேலை தொடங்கும் முன் இரண்டு பக்கங்களையும் ஓரங்களையும் வார்னிஷ் அல்லது எனாமலால் மூடிவிட வேண்டும். மேலே பசை பூசும்போதே அடியிலும் ஒரு கோட் பூசினால் இழுவை இரு பக்கமும் சமமாகும். வெட்டும்போது வரும் தூள் மிக நுண்ணியது, மூச்சுக்குழலுக்கு ஆகாது. முகமூடி போட்டு, வெளியில் வைத்து அறுங்கள்.

பிவிசி ஃபோம் போர்டு தண்ணீரைக் குடிக்காது, வளையாது, கட்டர் கத்தியால் நான்கு இழுப்பில் வெட்டிவிடலாம். சூப்பர் குளூ இதில் உடனே பிடிக்கும். பிவிஏ மட்டும் வழவழப்பான மேற்பரப்பில் பிடிக்காமல் தோலாக உரிந்து வரும். 80 எண் உப்புத்தாளால் முழுவதும் தேய்த்த பிறகே மணல் ஒட்ட வேண்டும். 200×280 அளவுக்கு நான் தேர்ந்தெடுப்பது இதையே. 400 மி.மீட்டருக்கு மேல் போனால் இது நடுவில் தொய்யும், அப்போது எம்டிஎஃப் நல்லது.

எக்ஸ்பிஎஸ் தேவைப்படுவது அகழி, மண்கரை, மேடு இவற்றைச் செதுக்க வேண்டும் என்றால்தான். தெர்மாகோலை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். மணி மணியாக உதிரும், ஓரம் நேராக வராது. எக்ஸ்பிஎஸ்ஸில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஸ்ப்ரே பெயின்டில் உள்ள கரைப்பான் ஃபோமை உருக்கிக் குழிகளாக்கிவிடும். அதனால் பிவிஏவில் கறுப்பு அக்ரிலிக் கலந்து, ஊசிமுனை இடைவெளிகூட விடாமல் இரண்டு கோட் பூசி மூட வேண்டும். அடுத்து, இரண்டு ஃபோம் தகடுகளை பிவிஏவால் ஒட்டினால் நடுவில் காற்றுப் போகாது, நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். பல்குத்தும் குச்சிகளை ஆணிபோலக் குத்தி, ஃபோமுக்கென்று விற்கும் பசையைப் பயன்படுத்துங்கள். கரையின் சரிவு 20 டிகிரியைத் தாண்டினால் உலோக உருவங்கள் வழுக்க ஆரம்பிக்கும். கரை செங்குத்தாக வேண்டும் என்றால் அதன் உச்சியில் 30 மி.மீ. அகலத்துக்குத் தட்டையான தளம் விடுங்கள்.

கூடாரம்

எந்தக் காலத்துப் படை என்பதைப் பொறுத்துத்தான் கூடாரத்தின் வடிவம். வைக்கிங் படைக்கு வட்டக் கூடாரம் பொருந்தாது. நார்வேயின் ஓசெபர்க், கோக்ஸ்டாட் கப்பல் புதைகுழிகளில் கிடைத்த கூடாரச் சட்டங்கள் ‘A’ வடிவம் கொண்டவை. முன்னும் பின்னும் பலகைகள் குறுக்காக மேலே நீண்டு, விலங்குத் தலையாகச் செதுக்கப்பட்டிருக்கும். 13-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரையிலான படைகளுக்கு, கூம்புக் கூரையும் நேர் சுவரும் உள்ள வட்டக் கூடாரமும் எளிய முகட்டுக் கூடாரமும் சரி. அக்கால ஓவியங்களில் வண்ணக் கூடாரங்கள் நிறையத் தெரியும். அவை பெரும்பாலும் அரசர்களையும் பிரபுக்களையும் காட்டும் படங்கள். பலகையில் ஒன்று மட்டும் வண்ணக்கோடு போட்டதாக இருந்து, மற்றவை வெளுக்காத லினன் நிறத்தில் இருந்தால் தலைவன் கூடாரம் எது என்று மேசையின் அடுத்த முனையிலிருந்தே தெரியும்.

கணக்கு இதோ. முகட்டுக் கூடாரத்துக்கு 54×84 மி.மீ. செவ்வகம் வெட்டி நடுவில் மடித்தால் 43 மி.மீ. அகலம், 36 மி.மீ. உயரம். முன்னும் பின்னும் முக்கோணங்கள் தனியாக. வட்டக் கூடாரத்தின் கூரைக்கு 50 மி.மீ. ஆரத்தில் வட்டம் வரைந்து, அதில் 234 டிகிரி மட்டும் எடுத்து, ஒட்ட 5 மி.மீ. நாக்கு விட்டு வெட்டுங்கள். சுருட்டினால் 65 மி.மீ. அகலமுள்ள கூம்பு வரும். சுவருக்கு 193×28 மி.மீ. பட்டை, அதில் 5 மி.மீ. ஒட்டு நாக்கு. சுவரின் விட்டம் 60 மி.மீ. என்பதால் கூரை சுற்றிலும் இரண்டரை மில்லிமீட்டர் வெளியே தொங்கும். மொத்த உயரம் 63 மி.மீ. இன்னும் ஒல்லியான கூடாரம் வேண்டுமென்றால் 234-ஐ 200 ஆக்குங்கள். அகலம் 56 மி.மீட்டருக்கு இறங்கும், கூரை 42 மி.மீட்டருக்கு ஏறும். சுவரின் விட்டத்தை 50 ஆக்கிப் பட்டையை 162 மி.மீட்டருக்குக் குறைக்க வேண்டும்.

இனி எதில் செய்வது?

அச்சிட்ட காகிதம் மிக வேகமான வழி. 160 ஜிஎஸ்எம் தாள், ஒரு மாலை, மூன்று கூடாரம். 12 வண்ணக்கோடுகள் வேண்டுமானால் தட்டையாக இருக்கும்போதே 19.5 டிகிரிக்கு ஒன்றாகப் போட்டுவிடலாம். கையால் பூசுவதில் இந்த நேர்த்தி வராது. காகிதத்தின் குறைகள் மூன்று. வெட்டிய ஓரம் வெள்ளையாகப் பல்லிளிக்கும். ஒட்டும் முன் அதே நிற மார்க்கரை ஓரத்தில் ஓட்டிவிட வேண்டும். இங்க்ஜெட் மை தண்ணீர் வார்னிஷில் கரைந்து ஓடும். முதலில் மேட் ஸ்ப்ரேயைப் பனிபோலத் தூரத்திலிருந்து இரண்டு முறை அடியுங்கள். மூன்றாவதற்கு முழுத் தீர்வு இல்லை: துணிக்குள்ள தொய்வு காகிதத்தில் வராது. அருகில் வைத்த உருவம் ஆழமான நிழலோடு பூசப்பட்டிருந்தால் கூடாரம் அட்டைப்பெட்டிபோலத் தெரியும். அடுத்த ஆட்டத்துக்குள் ஏதாவது ஒரு பாசறை வேண்டும் என்கிறவர்களுக்கு இது போதும்.

உண்மையான துணி எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. கூடாரம் துணியில்தானே இருந்தது! ஆனால் மெல்லிய கைக்குட்டைத் துணியின் நூல்கூட 1:56 அளவில் கயிறு அளவுக்குப் பருத்துவிடும். ட்ரை பிரஷ் செய்தவுடன் (வண்ணத்தைத் துடைத்த பிரஷால் மேடுகளில் மட்டும் தேய்ப்பது) நெசவு முழுக்க எழுந்து நிற்கும். மடிப்புகளும் பெரிதாகவே விழும், ஏனென்றால் துணியின் விறைப்பு சின்ன அளவுக்குச் சுருங்குவதில்லை. துணியை 28 மி.மீட்டருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

டிஷ்யூ பேப்பர்தான் இந்த வேலையின் நாயகன். உள்ளே ஒரு கூடு வேண்டும்: அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு நல்லது. அட்டையில் செய்தால் பசை ஈரத்தில் குழையும், எனவே முதலில் வார்னிஷ் பூசிக் காயவிட வேண்டும். டிஷ்யூவின் அடுக்குகளைப் பிரித்து ஒற்றை அடுக்காக எடுங்கள். பூவேலை அச்சிட்டது, புள்ளி அழுத்தியது வேண்டாம். ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்த பிவிஏவைக் கூட்டின் மேல் பூசி, டிஷ்யூவை உலர்ந்த நிலையில் மேலே வைத்து, பசை தோய்ந்த மென்மையான பிரஷால் மேலிருந்து கீழாக ஒற்றி ஒற்றி இறக்க வேண்டும். இழுத்தால் கிழியும். டிஷ்யூவைப் பசையில் முக்கி எடுக்கப் பார்த்தால் கையில் கூழ்தான் வரும்.

மடிப்புகளை இடும் இடத்தில் கொஞ்சம் நின்று யோசிப்பது நல்லது, ஏனென்றால் கூடாரம் உயிர் பெறுவது அங்கேதான். எங்கே இழுவை இருக்கிறதோ அங்கிருந்துதான் மடிப்பு கிளம்பும். கம்பத்தின் உச்சியிலிருந்து ஒவ்வொரு கயிறு கட்டும் புள்ளிக்கும் ஒரு மெல்லிய விறைத்த கோடு. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே துணி இலேசாக உள்வாங்கும். சுவரில் மடிப்பு செங்குத்தாக விழுந்து, தரையைத் தொடும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் வெளியே மடங்கிக் கிடக்கும். டிஷ்யூ ஈரமாக இருக்கும் ஐந்து பத்து நிமிடத்துக்குள் பல்குத்தும் குச்சியின் பக்கவாட்டால் தள்ளித் தள்ளி இந்த மடிப்புகளை எழுப்பலாம். கூம்புக்கு எட்டுக் கோடு போதும். எல்லாம் ஒரே இடைவெளியில் இருந்தால் குடைபோல ஆகிவிடும். ஒன்றிரண்டைத் தள்ளிப் போடுங்கள். முதல் அடுக்கு முழுவதும் காய 24 மணி நேரம். பிறகு இரண்டாவது அடுக்கு. வாசல் சீலையைத் தனியாக ஒரு டிஷ்யூத் துண்டில், ஒரு ஓரத்தைச் சுருட்டி, இரண்டாவது அடுக்கோடு சேர்த்து ஒட்டலாம். காய்ந்தபின் முழுக்கூடாரத்தையும் கெட்டியான பிவிஏவால் ஒரு கோட் மூடினால், விரலால் அழுத்தினாலும் நசுங்காத ஓடாகிவிடும்.

களிமண், புட்டி பற்றிச் சுருக்கமாக. காற்றில் காயும் களிமண் உலரும்போது சுருங்கும். உள்ளே சுருங்காத கூடு இருந்தால் மேலே வெடிப்பு நிச்சயம். மிலிபுட் போன்ற இரு பகுதி எப்பாக்சி புட்டி சுருங்காது. ஆனால் 65 மி.மீ. கூம்பு முழுவதும் ஒரே தடிமனில் பரப்புவது கடினம், எடையும் கூடும். வாசல் மடிப்பு, உச்சிக் குமிழ் ஆகியவற்றுக்கு மட்டும் புட்டியை வையுங்கள்.

15 மி.மீ. படை என்றால் கதையே மாறும். 35 மி.மீ. உயரக் கூடாரத்துக்குக் கூடு, டிஷ்யூ எல்லாம் மெனக்கெடல். எக்ஸ்பிஎஸ் கட்டையிலிருந்து கூம்பைச் செதுக்கி, பால்பாயின்ட் பேனாவால் மடிப்புக் கோடுகளை அழுத்தி, பிவிஏ பூசினால் ஒரு மணி நேரத்தில் நாலைந்து கூடாரம் தயார்.

3டி பிரிண்டர் கைவசம் இருப்பவர்களுக்கு: ஃபிலமென்ட் பிரிண்டரில் கூம்புக் கூரைதான் சோதனை. சாய்வான பரப்பில் 0.2 மி.மீ. அடுக்குகள் படிக்கட்டாகத் தெரியும், வாஷ் (பள்ளங்களில் தேங்கும் நீர்த்த வண்ணம்) போட்டவுடன் ஒவ்வொரு படியிலும் கறுப்பு தேங்கும். 0.12 மி.மீட்டருக்குக் குறைத்தும், கெட்டியான ஃபில்லர் ப்ரைமர் அடித்தும் குறைக்கலாம். மடிப்புகள் ஆழமாகச் செதுக்கிய மாடலில் இது அவ்வளவு தெரியாது. ரெசின் பிரிண்டரில் கோடுகள் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் உள்ளே குழிவாக விட்டு, வடிகால் ஓட்டை வைக்காமல் எடுத்தால், உள்ளே சிக்கிய காயாத ரெசின் பல வாரம் கழித்துக்கூட வெடிப்பு விட்டுக் கசியும். மெல்லிய கம்பங்களும் ரெசினில் முதல் தடவை கீழே விழும்போதே ஒடியும். அவற்றை வெட்டிவிட்டு 1 மி.மீ. கம்பி செருகுவது மேல். கடையில் வாங்கும் ரெசின் வார்ப்புகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சோப்புத் தண்ணீரில் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவாமல் ப்ரைமர் அடிக்காதீர்கள். அச்சிலிருந்து எளிதாகப் பிரிய அவர்கள் பூசிய எண்ணெய்ப் பிசுக்கு வண்ணத்தைப் பாளம் பாளமாகக் கழற்றும்.

பத்துக் கூடாரம் ஒரே மாதிரி வேண்டுமென்றால் பிரிண்ட், மூன்று கூடாரம் நன்றாக வேண்டுமென்றால் டிஷ்யூ. ஆட்ட மேசையில் மூன்றுக்கு மேல் தேவைப்படுவது அபூர்வம்.

இழுகயிறு விஷயத்தில்தான் ஆட்டமும் அழகும் நேருக்கு நேர் மோதும். நிஜக் கூடாரத்தின் கயிறுகள் சுவரைத் தாண்டி வெளியே போய் முளையில் முடியும். 28 மி.மீ. அளவில் சுற்றிலும் 15 முதல் 20 மி.மீ. இடத்தை அவை விழுங்கும், அங்கே எந்த பேஸும் நிற்காது, விரல் மாட்டும். அலமாரிப் பாசறை என்றால் தாராளமாகக் கட்டுங்கள்: சாதாரணத் தையல் நூல் 0.2, 0.3 மி.மீ. தடிமன், அளவுக்குப் பொருத்தமானது. பிவிஏவில் ஓட்டி எடுத்தால் பிசிறு படிந்துவிடும். ஆட்டப் பாசறையில் கழற்றும் கூடாரத்தின் அடித்தட்டை 8 மி.மீ. வெளியே நீட்டி, கயிறு அதற்குள்ளேயே செங்குத்தாக முடியும்படி வாசல் பக்கம் இரண்டு, பின்னால் இரண்டு கட்டினால் போதும். அதற்கு எலாஸ்டிக் நூல் நல்லது, தட்டினால் வளைந்து திரும்பிவிடும்.

நிறத்தில் சுத்த வெள்ளையைத் தொடாதீர்கள். பழுப்பு கலந்த எலும்பு நிறம் அடிக்கோட். ஒன்றுக்கு மூன்று தண்ணீர் கலந்த பழுப்பு வாஷ் மடிப்புகளுக்குள். காய்ந்ததும் தந்த நிறத்தில் ட்ரை பிரஷ். கீழ் 5 மி.மீட்டரில் ஸ்பாஞ்சால் தரையின் மண் நிறத்தை ஒற்றினால் கூடாரம் தரையோடு சேர்ந்துகொள்ளும்.

சுற்றி என்ன வைப்பது?

கூர் முளைகள், பின்னல் வேலி, வண்டிகள். மூன்றும் எல்லாப் படைக்கும் பொருந்தாது.

அஜின்கோர்ட் காலத்து ஆங்கில வில்லாளர்கள் ஆளுக்கொன்றாக ஆறடி முளை சுமந்து சென்றார்கள். 1:56-ல் அது 33 மி.மீ.; பலகைக்குள் புதைய 5 மி.மீ. சேர்த்து வெட்டுங்கள். 3 மி.மீ. மூங்கில் குச்சியை எடுத்தால் அது 17 செ.மீ. தடிமனுள்ள மரமாகிவிடும். 2 மி.மீ. பல்குத்தும் குச்சி 11 செ.மீ. ஆகும், அதுவே சரி. குதிரையின் நெஞ்சை நோக்கிச் சாய்த்து நட வேண்டும். கூர் நுனி விரலைக் குத்தும், முதலில் வண்ணம் போவதும் அங்கேதான். நுனியை உப்புத்தாளில் ஒரு தட்டுத் தட்டி மழுக்கி, வெட்டுப்பட்ட மரம்போல வெளிர் நிறம் பூசிவிடுங்கள், உரிந்தாலும் தெரியாது.

பின்னல் வேலி எந்த நூற்றாண்டுக்கும் ஒத்துவரும், பலமும் அதிகம். 10 மி.மீ. இடைவெளியில் குச்சிகளை நட்டு, சணல் நூலை உள்ளே வெளியே என மாற்றி மாற்றி 20 மி.மீ. உயரம் வரை பின்னி, தண்ணீர் கலந்த பிவிஏவை ஊறவிட்டால் கல்லாகிவிடும். பின்னும்போது நூலை இழுத்துப் பிடித்தால் குச்சிகள் எல்லாம் நடுவுக்குச் சாயும். தளர்வாக விட்டு, ஒவ்வொரு நாலு வரிசைக்கும் விரலால் கீழே அமுக்கினால் போதும். முதல் பாசறைக்கு வேலியைத் தேர்ந்தெடுங்கள். பலகையின் மூன்று பக்கம் மட்டும் வைத்து, ஆடுபவரின் பக்கத்தைத் திறந்து விட்டால் கை தடங்கலில்லாமல் போய்வரும்.

வண்டி அரண் பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) ஹூசைட் படைக்கு உயிர். 1419 முதல் 1434 வரை நடந்த போர்களில் அவர்களின் தளபதி யான் ஜிஷ்காவும் அவருக்குப் பின் வந்தவர்களும் வண்டிகளைச் சேர்த்து நிறுத்தியே குதிரைப்படைகளைத் தடுத்தார்கள். 1066-ன் நார்மன் படைக்கு அதே வண்டி அரண் ஒட்டாது. அங்கே ஓர் ஒற்றைப் பொதிவண்டி போதும். மூன்று மீட்டர் வண்டி 54 மி.மீ., ஐஸ் குச்சியைப் பிளந்து உடல் செய்துவிடலாம். 21 மி.மீ. விட்டமுள்ள ஆரக்கால் சக்கரத்தைக் கையால் செய்வதுதான் நேரத்தைத் தின்னும். நான்கும் ஒரே மாதிரி வராது. சக்கரங்களை மட்டும் வாங்குவதோ பிரிண்ட் எடுப்பதோ புத்திசாலித்தனம்.

நெருப்புக்கு விளக்கு வேண்டுமா?

அலமாரியில் இருட்டில் பார்க்கப்போகிறீர்கள் என்றால் வேண்டும். வெளிச்சமான அறையில் ஆட்டம் நடக்கும் மேசையில் 3 மி.மீ. எல்இடி எரிவது யாருக்கும் தெரியாது. வேண்டுமென்றே வைப்பவர்கள் தடிமனைக் கணக்கில் கொள்ளுங்கள்: சிஆர்2032 பேட்டரி மட்டும் 3.2 மி.மீ., ஹோல்டரோடு 5, 6 மி.மீ. வரும். எனவே 10 மி.மீ. எக்ஸ்பிஎஸ் தளம் தேவை. இரண்டு ஏஏ பேட்டரியில் ஆரஞ்சு எல்இடியை எரித்தால் நடுவில் 100 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். விளக்கு இல்லாத நெருப்புக்கு, சாம்பல் நடுவில் வெளிர் மஞ்சள் தொடங்கி ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று வெளியே போக வேண்டும்; வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் வெளிர் நிறம். மூன்று 0.8 மி.மீ. கம்பிகளை 25 மி.மீ. வெட்டி முக்காலியாக நிறுத்திக் கொப்பரையைத் தொங்கவிட்டால் பாசறைக்கு நடு கிடைத்துவிடும்.

வரிசை மாறினால் வரும் தொல்லை

பலகையை வெட்டி, ஓரம் சீவி, ஈரம் ஏறாமல் மூடியதும் கூடாரப் பள்ளங்களும் வேலிக் குச்சிகளும். பிறகு பிவிஏவும் மணலும். நுண்மணல் மூன்று பங்குக்குச் சின்னக் கல் ஒரு பங்கு. ஒரு நாள் காய்ந்தபின் மணலின் மேல் தண்ணீர் கலந்த பிவிஏவைச் சொட்டுச் சொட்டாக ஊறவிடாவிட்டால் ட்ரை பிரஷ் செய்யும்போது பாதி மணல் பிரஷோடு வந்துவிடும். கரும்பழுப்பு, அதன் மேல் வாஷ், அதன் மேல் வெளிர் மண் நிறத்தில் ட்ரை பிரஷ். மேட் வார்னிஷ் இந்த இடத்திலேயே. புல் ஒட்டிய பிறகு அடித்தால் ஸ்டாடிக் கிராஸின் (நிலைமின்னால் நிமிர்த்தி ஒட்டும் செயற்கைப் புல்) நுனிகள் வெள்ளை பூத்துவிடும்.

புல் கடைசி, அதுவும் குறைவாக. ஆட்களும் குதிரைகளும் மிதித்த இடம் அது. கூடார வாசலிலிருந்து நெருப்புக்கும் நெருப்பிலிருந்து வேலித் திறப்புக்கும் 20 மி.மீ. அகலப் பாதைகளை வெறும் மண்ணாக விட்டு, 2 மி.மீ. புல்லைத் திட்டுத்திட்டாகவும், 4 மி.மீ. புல்லை வேலியின் அடியிலும் கூடாரச் சுவருக்குப் பின்னாலும் மட்டும் வையுங்கள். பாதையின் நடுவில், சக்கரத் தடத்தில், பளபளப்பு வார்னிஷ் இரண்டு சொட்டு விட்டால் ஈரச் சேறு.

பீப்பாய், மூட்டை, அம்புக்கட்டு எல்லாம் வேலி ஓரமாகவே ஒட்டப்பட வேண்டும். ஆங்கில வில்லாளர்களின் ஒரு கட்டு 24 அம்புகள், 28 மி.மீ. அளவில் பிரஷ் முடியை அரை மில்லிமீட்டர் வெளியே தெரியும்படி நூலால் கட்டி வெட்டினாலே அது போலிருக்கும். ஒவ்வொன்றையும் ஒட்டும் முன் அந்த பேஸ் அட்டையை வைத்துப் பார்த்துவிடுங்கள். கடைசியாகப் பலகையின் அடியில் மெல்லிய ஃபெல்ட் ஒட்டினால் மேசையில் வழுக்காது. ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பச்சைப் பிசிறு சுற்றிலும் எட்டிப் பார்க்கும்.